மூங்கில் ஆர்கனும் மணலிப் பிடிலும்

(வெள்ளானூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிலிப்பைன்ஸ் தீவுகளை ஸ்பானியர் ஆண்ட காலத்தில் அங்கே உருவான இசையை ஆராய்வதையே தம் கல்விப் பணியாகக் கொண்ட அறிஞர்கள் சிலர் உண்டு. அவர்கள் செய்த வேலையை வைத்துக்கொண்டு, நம் மண்ணில் அதே காலத்தில் அதே போல் உருவான இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். காலனிய காலத்து இசை என்றதும் கொடுத்தவர் யார் என்று கேட்கப் பழகிவிட்டோம். வாங்கியவர் அதை என்ன செய்தார் என்று கேட்பதுதான் ஆய்வாளர் வேலை. அந்த வேலைக்கு ஓர் ஆயுள் வேண்டும்.

மணிலாவுக்கும் வெள்ளானூருக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 1762 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்ட ஆங்கிலேயக் கப்பல்கள் பாய் விரித்தது சென்னைக் கடற்கரையிலிருந்துதான். வில்லியம் டிரேப்பரும் கார்னிஷும் தலைமை தாங்கிய அந்தப் படையில் சென்னையிலிருந்து போன சிப்பாய்களும் இருந்தார்கள். அக்டோபரில் மணிலா விழுந்தது. 1764 வரை அந்த ஊரை ஆண்ட டாசன் டிரேக், சென்னைக் கும்பெனியின் அதிகாரி. படை திரும்பியபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் தங்கி, அங்கேயே பெண் எடுத்து, அந்த மண்ணோடு கலந்துவிட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

படைக்கு முன்பே வணிகம் போயிருந்தது. ஸ்பானியர் மணிலாவில் ஆங்கிலக் கப்பல்களை அனுமதிக்கவில்லை. ஆகவே சோழமண்டலத் துணி அர்மீனியர் பெயரிலும் மற்ற ஆசியர் பெயரிலும் மணிலா போயிற்று, மெக்சிகோ வெள்ளி சென்னைக்கு வந்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டிக் கொடுத்த அர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் மணிலா வணிகத்தில் பொருள் சேர்த்தவர். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் செலவில் ஆனது. அந்தப் பழைய பாலம் இருந்த இடத்தில்தான் இன்றைய மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது.

இனி மணிலாவின் இசைக்கு வருகிறேன். 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி பிலிப்பைன்சில் காலூன்றினார். 1571இல் மணிலா தலைநகராயிற்று. அதிலிருந்து 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டே இருந்தது. பட்டும் வெள்ளியும் ஏற்றிய அதே கப்பல்களில் பாட்டுச் சுவடிகளும் இசைக்கருவிகளும் துறவிகளும் வந்தார்கள். 1606இல் லும்பான் என்ற ஊரில் பிரான்சிஸ்கன் துறவி ஹுவான் தெ சாந்தா மார்த்தா பல ஊர்களிலிருந்து 400 சிறுவர்களைத் திரட்டி இசை கற்பித்தார். பாடவும் கருவி வாசிக்கவும், கருவி செய்யவும்கூட அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பிறகு அவரவர் ஊருக்குத் திரும்பி, கோயில் பாடகர்களைத் தயார் செய்தார்கள். துறவியின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. சிறுவர்கள் 400 என்ற எண்ணாக நிற்கிறார்கள். ஆனால் அடுத்த நூறு ஆண்டுகள் அந்தத் தீவுகளில் தினமும் ஒலித்த இசை அந்தச் சிறுவர்கள் கொண்டுபோன இசைதான்.

மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பின்யாஸ் கோயிலில் ஓர் ஆர்கன் இருக்கிறது. அதன் 1031 குழல்களில் 902 மூங்கில். தியேகோ செரா என்ற ஸ்பானியத் துறவி 1816இல் தொடங்கி 1824இல் முடித்தார். வெட்டிய மூங்கிலைப் பூச்சி அரிக்காமல் இருக்கக் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார்கள். எது பூச்சிக்குத் தப்பியதோ அது குழலாயிற்று. அந்த மூங்கிலையும் மணலையும் ஐரோப்பாவில் ஆர்கன் கட்டும் பட்டறை எதுவும் அவருக்குக் கற்றுத் தந்திருக்காது. உள்ளூர்க் கைகள் இல்லாமல் அந்த ஆர்கன் நிற்காது. 1973இல் அதை ஜெர்மனியின் பான் நகருக்கு அனுப்பிப் பழுது பார்த்து, 1975இல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்றும் அதை வாசிக்கிறார்கள்.

இதைவிட முக்கியமானது பஸ்யோன். இயேசுவின் பாடுகளைத் தகாலோக் மொழியில் செய்யுளாக்கி, தவக்காலத்தில் வீடுகளில் இரவு பகலாக முறை வைத்துப் பாடுவார்கள். முதலில் அச்சேறிய பஸ்யோன், 1704இல் காஸ்பர் அகினோ தெ பெலேன் என்ற பிலிப்பினோ எழுதியது. அவர் ஏசுசபையாரின் அச்சகத்தில் வேலை பார்த்தவர். வரலாற்றாசிரியர் ரெய்னால்டோ இலேட்டோ 1979இல் எழுதிய நூலில், இந்தப் பாடல்தான் 19ஆம் நூற்றாண்டில் எளிய மக்களுக்கு ஸ்பானியருக்கு எதிராக எழும் மொழியைக் கொடுத்தது என்று நிறுவினார். சிறைப்பட்டவன், அடிபட்டவன், எழுந்து வருபவன் என்று ஆண்டுதோறும் பாடிய கதையில் அந்த மக்கள் தங்களைக் கண்டார்கள். ஆண்டவர்கள் கொண்டுவந்த கதை ஆளப்பட்டவர்கள் கையில் வேறு பொருள் கொண்டது.

பஸ்யோனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரின் வியாகுலப் பிரசங்கம் நினைவுக்கு வரும். கோவாவில் பிறந்து இலங்கைக்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது. 1742இல் மறைந்த அவர் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியவர். தவக்காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதை இராகத்தோடு வாசிப்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒப்பாரியின் இழைப்பு அதில் எவ்வளவு ஆழமாக ஓடுகிறது என்று. மட்டக்களப்பில் பறங்கியர் வீட்டுத் திருமணங்களில் ஒலித்த போர்த்துகீசியப் பாட்டும் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் இதே வகை. அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஜாக்சன் அந்த வாய்மொழிப் பாடல்களைத் தேடிச் சேர்த்து 1990இல் நூலாக்கினார்.

இப்போது மணிலா இசையைத் தேடிப்போன ஆய்வாளரைப் பார்ப்போம். டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஜான் சம்மர்ஸ் தொடங்கிய இடம் 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பல்குரல் இசை. அந்தச் சுவடிகளின் நிழற்படப் பதிப்பை 1983இல் வெளியிட்டார். பழைய ஐரோப்பிய இசைக்குறிகளைத் தங்குதடையின்றிப் படிக்கத் தெரிந்தவர், கலிபோர்னியாவில் ஸ்பானியத் துறவிகள் நிறுவிய மிஷன்களின் இசைச் சுவடிகளுக்குத் திரும்பினார். மணிலாவையும் தம் ஆய்வுக்குள் கொண்டுவந்து, 1581இல் அங்கே வந்து சேர்ந்த ஏசுசபையார் சடங்கிலும் விழாவிலும் இசையை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று எழுதினார். மூன்று கண்டங்களில் சிதறிக் கிடக்கும் தாள்களைப் பின்தொடர்ந்த வாழ்க்கை அது. அவருக்குப் பின் டேவிட் ஏர்விங் 2010இல் வெளியிட்ட நூல், பழைய மணிலாவின் தெருவையும் கோயிலையும் மன்றத்தையும் ஒன்றாக வைத்து, பிலிப்பினோ இசைக்கலைஞர்களை நடுவில் நிறுத்தியது.

பிலிப்பைன்சிலேயே ஒருவர் எதிர்த்திசையில் நடந்தார். ஹோசே மசேதா பாரிசில் பியானோ பயின்றவர். மேடையில் வாசித்துப் பெயர் வாங்கிய பிறகு, தன் நாட்டு மலைகளிலும் தீவுகளிலும் கோங்கும் மூங்கில் கருவியும் வாசிப்பவர்களிடம் போனார். பல பத்தாண்டுகளாக அவர் சேர்த்த ஒலிப்பதிவுகளை 2007இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஐரோப்பிய இசையைக் கரைத்துக் குடித்தவர் என்பதால்தான் அவருக்கு எது ஐரோப்பிய இசை அல்ல என்பது துல்லியமாகக் கேட்டது என்று நான் நம்புகிறேன்.

இனி நம் பக்கம். இங்கிருந்து செங்குன்றம், மாதவரம் வழியாகக் கிழக்கே போனால் மணலி. தெற்கே போனால் குன்றத்தூர்ப் பக்கம் கோவூர். கோவூரில் சுந்தர முதலியார் அழைப்பில் தியாகராஜர் வந்து தங்கிப் பாடியவைதான் கோவூர் பஞ்சரத்தினம். கச்சேரி கேட்பவர்கள் அறிந்த செய்தி. ஆனால் மணலியில் நடந்ததை, இந்தச் சுற்றுவட்டாரத்தில் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்?

மணலி முத்துகிருஷ்ண முதலியார் கும்பெனி ஆளுநர் பிகட்டுக்குத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். இராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து வந்து ஆதரித்தவர் அவர். அவருக்குப் பின் அவர் மகன் சின்னையா முதலியார் ஆதரித்தார். தீட்சிதரின் பிள்ளைகள் முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி மூவரும் அங்கே வளர்ந்தார்கள். சின்னையா முதலியார் அவர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போய் ஐரோப்பியரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார். பாலுசாமிக்குப் பிடிலில் ஆசை எழுந்தது. ஐரோப்பியர் ஒருவரை அமர்த்தி மூன்று ஆண்டுகள் கற்பித்தார் முதலியார். பிடில் நம் இசைக்கு வந்த வழிகளில் எழுத்தில் பதிவான முதன்மையான வழி இது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோட்டையில் ஐரோப்பியர் பிடிலை நின்றபடி வாசித்தார், தாடையில் இடுக்கிக்கொண்டு. அப்படிப் பிடித்தால் இடது கைக்கும் பிடிலைத் தாங்கும் பொறுப்பு உண்டு. நம்மவர் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். பிடிலின் தலையை வலது கணுக்கால் பக்கம் ஊன்றினார்கள், அடிப்பாகத்தை இடது தோளுக்கும் மார்புக்கும் இடையே சாய்த்தார்கள். பிடில் இரண்டு முனையிலும் தாங்கிக்கொள்ள, இடது கை முழுக்க விடுதலையாயிற்று. அப்போதுதான் விரல் தந்தியில் மேலும் கீழும் வழுக்கி ஓட முடிந்தது. கமகம் அதில் ஏறியது. ஐந்து ஐந்து சுரமாக ஏறும் நான்கு தந்திகளைச் சபசப என்று மாற்றிக் கூட்டினார்கள். ஒரு திருகாணிகூட மாறவில்லை, கருவி முழுக்க மாறிப்போயிற்று. இதைச் செய்தவர்கள் கையேடு எதுவும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் உட்கார்ந்த விதமே சான்று. 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தஞ்சை வடிவேலுவுக்குத் தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசளிக்கும் அளவுக்கு, ஒரே தலைமுறையில் அது நம் கருவியாகிவிட்டது.

முத்துசாமி தீட்சிதர் வேறொன்று செய்தார். கேட்ட பேண்டு மெட்டுகளை எடுத்துச் சம்ஸ்கிருத சாகித்தியம் வைத்தார். நோட்டுஸ்வரம் என்று சொல்கிறோம். ஏறக்குறைய எல்லாம் சங்கராபரண சுரங்களில் நிற்பவை. ஆங்கிலேயரின் நாட்டு வணக்கப் பாட்டின் மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. இன்று குழந்தைகள் ட்விங்கிள் ட்விங்கிள் என்று பாடும் பிரெஞ்சு மெட்டு 'சியாமளே மீனாட்சி' ஆயிற்று. கமகமில்லாத வெற்றுச் சுரங்கள். அந்தச் சுரங்களின் மேல் அவர் நெடில்களை எங்கே வைக்கிறார் என்று கவனியுங்கள். மெட்டு எங்கே நிற்கிறதோ அங்கே சொல்லும் நீண்டு நிற்கிறது. மெட்டு துள்ளும் இடத்தில் குறில்கள். அரசரை வாழ்த்திய மெட்டு தேவியை வாழ்த்தப் போயிற்று. இவற்றைக் குழந்தைப் பாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. வேற்றிசையின் இலக்கணத்தைச் சிதைக்காமல், தன் தெய்வத்தையும் தன் சந்தத்தையும் அதற்குள் குடியேற்றிய ஒரு பெரும் மேதையின் வேலை அது. நோட்டு என்ற வகை பிறகு கச்சேரி மேடையிலும் நாகசுர ஊர்வலத்திலும் நிலைத்தது. மதுரை மணி அய்யர் பாடிப் புகழ்பெற்ற இங்கிலீஷ் நோட்டை ஆக்கியவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்.

பாலுசாமி பின்னாளில் எட்டயபுரம் அரண்மனை வித்துவான் ஆனார். மகள் வயிற்றுப் பேரனைத் தம் பிள்ளையாகச் சுவீகாரம் எடுத்தார். அந்தப் பேரன்தான் சுப்பராம தீட்சிதர், 1839 முதல் 1906 வரை வாழ்ந்தவர். இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் சின்னசாமி முதலியார். சென்னைத் தலைமைச் செயலகத்தில் கண்காணிப்பாளர், எம்.ஏ. படித்தவர், கிறிஸ்தவர். நம் கீர்த்தனைகள் வாய்வழி மட்டுமே நின்றால் அழிந்துவிடும் என்ற கவலை அவரைப் பிடித்தது. ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் அவற்றை எழுதி, 1890களின் தொடக்கத்திலிருந்து பகுதி பகுதியாக அச்சிட்டார். அதற்காகச் சரியான பாடம் தேடியவர் சுப்பராம தீட்சிதரிடம் போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சந்திப்பை எண்ணிப் பாருங்கள். ஐரோப்பியரிடம் பிடில் கற்ற சிறுவனின் வாரிசு ஒரு பக்கம். ஐரோப்பியக் குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முத்துசாமி தீட்சிதர் கிருதிகளைக் காப்பாற்றத் துடிக்கும் தமிழ்க் கிறிஸ்தவர் ஒரு பக்கம். முதலியார் கைப்பொருளைச் செலவிட்டார், உடல்நலமும் கெட்டது. தம்மால் முடியாமல் போனதைச் சுப்பராம தீட்சிதரே முடிக்க வேண்டும் என்று எட்டயபுரம் மன்னரிடம் மன்றாடினார். 1904இல் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி எட்டயபுரத்தில் அச்சேறியபோது முதலியார் உயிரோடு இல்லை. இன்று தீட்சிதர் கிருதி பாடுகிற எவருக்கும் அந்த நூல்தான் கடைசி நீதிமன்றம். கமகங்களுக்கென்று தனிக் குறிகள் வகுத்து அச்சிட்ட நூல் அது. ஐந்துகோட்டு முறையில் நம் இசையை அடைக்க முயன்றவரின் முயற்சிதான், நம் கமகத்தை எழுதும் முறை பிறக்கவும் காரணமாயிற்று. இந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் முழுமையாக ஆராய்ந்து ஒருவர் முனைவர் பட்டம் வாங்கலாம்.

தஞ்சாவூரில் இன்னொரு இழை ஓடியது. இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். அவர் காலத்து ஐரோப்பிய இசைத் தாள்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சரபோஜியும் வேதநாயக சாஸ்திரியாரும் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர்கள். 1774இல் திருநெல்வேலியில் பிறந்த சாஸ்திரியார் 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறவஞ்சி என்ற தமிழ் வடிவத்துக்குள் கிறிஸ்துவின் கதையை வைத்த துணிச்சல் சாதாரணமானதல்ல. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியார் பாடல்கள் அதில் பெரும்பங்கு. அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு வேறுபாடு தெரியும்: பாமாலை என்றால் ஜெர்மன், ஆங்கில மெட்டில் வருவது, கீர்த்தனை என்றால் இராகத்தில் வருவது. ஒரே ஆராதனையில் இரண்டும் உண்டு.

சாஸ்திரியார் மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு உண்டு. அதனாலேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1820களில் வந்த புதிய மிஷனரிகள் பழைய தமிழ் ஞானப்பாட்டுகளைத் திருத்தியபோது அவர் எதிர்த்தார், அது நியாயம். அதே மூச்சில், தேவாலயத்தில் சாதிக்கொரு இருக்கை இருக்க வேண்டும் என்றும் வாதாடினார். கர்நாடக இராகத்தில் அமைந்த கீர்த்தனை தமிழ்க் கிறிஸ்தவத்துக்குச் சொந்தக் குரல் கொடுத்தது. அந்தக் குரல் யாருடைய குரல் என்ற கேள்வியும் அப்போதே பிறந்துவிட்டது.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர், 1940இல் பிறந்து 2005இல் மறைந்தவர். மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். தாழ்த்தப்பட்ட மக்கள் பெரும்பான்மையாக உள்ள திருச்சபையில் அவர்களுடைய பறைக்கும் தெம்மாங்குக்கும் இடமில்லாதது ஏன் என்று கேட்டார். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல் கட்டினார். கடவுளை ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்ணும் குடும்பத்தின் தாயாகவும் தகப்பனாகவும் பாடினார். பாடுகிறவர்கள் அந்தப் பாட்டைத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளட்டும் என்பதை அவர் விரும்பினார். கீர்த்தனையில் ஒரு சொல் மாறினால் பிழை. தெம்மாங்கில் மாற்றுவதற்கு உரிமை உண்டு. பஸ்யோனைப் பற்றி இலேட்டோ சொன்னது இங்கே இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது.

அப்பாவுவிடம் படிக்க வந்தவர்தான் ஜோ ஷெரினியன். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழக மாணவர். நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் கர்நாடக இசை கற்பித்த இடம் அது. அங்கிருந்து வந்தவர் கச்சேரி மேடைக்குப் போகாமல் அரசரடிக்கும் கிராமத் திருச்சபைகளுக்கும் போனார். 1998இல் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தார். பின்னர் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். பறை அடிக்கக் கற்றுக்கொண்டார். 2011இல் சிவகங்கைப் பக்கத்துப் பறைக் கலைஞர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அப்பாவுவின் இசையையும் இறையியலையும் பற்றிய அவருடைய நூலை இந்தியானா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது 2014இல். ஆய்வேட்டுக்கும் நூலுக்கும் இடையே 16 ஆண்டுகள். அவர் எழுதத் தொடங்கிய மனிதர் அதற்குள் மறைந்துவிட்டார், அவர் பாடல்கள் பல ஊர்களில் பல வடிவம் எடுத்துவிட்டன. அந்த மாற்றங்களையும் சேர்த்து எழுதியதால்தான் நூல் கனமாயிற்று. ஆறு மாதத்தில் கட்டுரை, மூன்று ஆண்டில் பட்டம் என்று மணியடித்து வேலை வாங்கும் இன்றைய பல்கலைக்கழக முறையில் இப்படிப்பட்ட நூல் பிறக்காது. இதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

நம்மிடம் முன்னோடிகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவத்தில் சம்பாதித்ததை இசை ஆய்வில் போட்டு 1917இல் கருணாமிர்த சாகரத்தைக் கொண்டுவந்தார். ஈரோட்டில் பணியாற்றிய பாப்ளி பாதிரியார் கர்நாடக இசை பயின்று காலட்சேபம் செய்தவர், 1921இல் இந்திய இசை பற்றி நூல் எழுதினார். பல்கலைக்கழக நாற்காலியில் உட்கார்ந்து இசையியலைத் தொழிலாகவே செய்தவர் என்றால் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. 1928இல் ராணி மேரி கல்லூரியில் விரிவுரையாளர். 1931இல் ஜெர்மனியின் ம்யூனிக் நகருக்குப் போய் மேற்கத்திய இசையை முறையாகப் பயின்று வந்தார். 1937 முதல் 1961 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை தாங்கினார். சென்னை அருங்காட்சியக இசைக்கருவிகளுக்கு அட்டவணை தயாரித்தவரும் அவரே. பாடநூல், அகராதி, அட்டவணை என்று ஒரு துறைக்கு வேண்டிய அடித்தளம் முழுவதையும் ஒருவராக இருந்து போட்டார். பலர் அவருடைய தென்னிந்திய இசை நூல்களைத் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ம்யூனிக்கில் அவர் கேட்டது எது, அதில் எதை இங்கே பாடத்திட்டத்துக்குள் வைத்தார் என்று வரி வரியாகப் பார்த்தால் இன்னொரு மணலி கிடைக்கும்.

மாணவர்களுக்கு நேரடியாகச் சில வார்த்தைகள். இந்தத் துறைக்கு வர நினைப்பவர் ஐந்துகோட்டுக் குறியீட்டைப் பாட்டுப் பாடும் வேகத்தில் படிக்கப் பழக வேண்டும். தெலுங்கு எழுத்து தெரிய வேண்டும், ஏனென்றால் பிரதர்சினி தெலுங்கில்தான் அச்சானது. போர்த்துகீசியமோ ஜெர்மனோ ஒன்று கற்றால் தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போன கடிதங்களும், கோவாவிலும் லிஸ்பனிலும் உள்ள தாள்களும் திறக்கும். இவற்றோடு, தாளத்தைக் கையில் போட்டுப் பாடத் தெரிய வேண்டும். சம்மர்ஸ் குறிகளிலிருந்து தொடங்கினார், மசேதா பியானோவிலிருந்து. ஷெரினியன் பறை அடிக்கக் கற்றார். மூவரும் தாங்களே செய்யத் தெரிந்தவர்கள்.

தொடங்குவதற்கு லிஸ்பன் போக வேண்டியதில்லை. பூந்தமல்லியில் குருமடம் இருக்கிறது. வெள்ளைக்காரப் படைவீரர்களின் முகாமாக இருந்த ஊர் அது. அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்று இந்தத் தடம் முழுக்கப் பலவகைத் திருச்சபைகள், கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் வாசிக்கிற பேண்டு செட்டுகள். சாஸ்திரியாரின் ஒரே ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஐந்து சபைகளில் பதிவு செய்யுங்கள். கீபோர்டு வந்த பிறகு எந்தச் சுரத்தின் அசைவு மழுங்கியது, எந்த இடத்தில் தாளம் நேராகிவிட்டது, எந்தச் சபை மூதாட்டி மட்டும் பழைய பிடியை விடாமல் வைத்திருக்கிறார் என்று எழுதுங்கள். அவர் யாரிடம் கற்றார், எந்த ஊரிலிருந்து சென்னைக்கு வந்தார் என்று கேளுங்கள். அவர் அனுமதித்தால் அவர் பெயரையும் பதிவில் சேருங்கள். அதே கீர்த்தனையை அப்பாவுவின் மாணவர்கள் எப்படிப் பாடுகிறார்கள் என்று மதுரைக்குப் போய்ப் பாருங்கள். பிறகு சரஸ்வதி மகாலில் போய் உட்காருங்கள். அங்கே படித்தவற்றோடு ஒப்பிட உங்கள் கையில் ஐந்து பதிவுகள் இருக்கும். அறக்கட்டளைக் குழுவினர் இப்படி ஒரு பதிவு வேலைக்கு ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கு உதவ முன்வந்தால், அந்த மாணவரோடு உட்கார்ந்து குறியீடு படிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.